"காத்து" மேடையேறிய கதை
(தனியாக வாசிக்கப் பழகுவது எப்படி?)



"உனக்கும் மலருக்கும் என்னடா சம்பந்தம்? அஞ்சு பேப்பர் அரியர் வச்சிருக்கிறவன் கட்டுரை எழுதப் போறியா?" என்று என் அறைத் தோழன் கேட்டான். அரியர் இரண்டுதான், ஐந்து அல்ல என்பதை இந்த மலர் வாயிலாகப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மற்றபடி நான் எழுத வந்த விஷயம் வேறு. நம் விடுதியில் பாடத் தெரிந்தவர்கள், வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். குளியலறையில் கேட்டால் தெரியும்! ஆனால் கல்லூரி விழா என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியதும் அத்தனை பேரும் காணாமல் போய்விடுகிறார்கள். குரூப் டான்ஸ் என்றால் இருபது பேர். தனிப்பாடல், தனி வாத்தியம் என்றால் யாரும் இல்லை. ஏன்? பயம்! அந்தப் பயத்தை முழுசாக அனுபவித்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

அன்று நடந்தது

என்னைக் கல்லூரியில் "காத்து" என்று கூப்பிடுவார்கள். ஜூனியர்கள் அது என் வேகத்துக்குக் கொடுத்த பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை தம்பிகளா! முதலாண்டு கல்லூரி விழாவில் நான் புல்லாங்குழல் வாசிக்க மேடை ஏறினேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அக்கா, முதல் மாதச் சம்பளத்தில் எனக்கு வாங்கிக் கொடுத்த குழல் அது. அன்று லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, என்னைப் பார்ப்பதற்காகவே வந்து பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது.

பெயரைக் கூப்பிட்டார்கள். போனேன். மேடை விளக்கு முகத்தில் அடித்தது. உதடு காய்ந்துவிட்டது. ஊதினேன், சுரம் வரவில்லை. "புஸ்ஸ்" என்று வெறும் காற்று மைக்கில் போய் ஹால் முழுக்கக் கேட்டது. பயந்துபோய் பலமாக ஊதினேன். குழல் ஒரு ஸ்தாயி மேலே தாவிக் "கீ..." என்று கத்தியது. பின் வரிசையிலிருந்து எவனோ "டேய், காத்து வருதுடா!" என்றான். ஹாலே சிரித்தது. பாட்டின் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கிவிட்டேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "சாப்பிட்டுப் போக்கா" என்றேன். "இல்லடா தம்பி, பஸ்ஸு போயிரும்" என்று கிளம்பிவிட்டது. பஸ் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் என்பது அதற்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். "மாலியே பாதியில எழுந்து போவாராம்டா!" என்றான் ஒருவன். புல்லாங்குழல் மேதை டி.ஆர். மகாலிங்கம் (1926–1986) அப்படிப் போனதுண்டு, உண்மைதான். ஆனால் அவர் 1933-ல், 7 வயதில் மயிலாப்பூரில் முதல் கச்சேரி செய்தவர். அவர் எழுந்து போனது வாசிக்க வராமல் அல்லவே! நான் குழலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். நான்கு மாதம் தொடவில்லை.

குழலுக்குள் என்ன நடக்கிறது?

மறுபடி எடுக்க வைத்தது, நம்புவீர்களோ மாட்டீர்களோ, நம் பிசிக்ஸ் பாடம்தான்! ஒலி அதிர்வு நடத்தும்போது சார் "ஓப்பன் பைப்" படம் போட்டார். அட, இது நம்ம குழல் ஆச்சே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

புல்லாங்குழலில் ஒலிப்பது மூங்கில் அல்ல, உள்ளே இருக்கும் காற்றுத் தம்பம். ஊதும் துளையின் எதிர் விளிம்பில் நம் மூச்சு பட்டு, உள்ளே ஒரு தரம் வெளியே ஒரு தரம் என்று மாறி மாறித் தள்ளப்படுகிறது. அதனால் தம்பம் அதிர்கிறது. விரலை எடுத்தால் தம்பம் குட்டையாகிறது, சுரம் ஏறுகிறது. விரலை மூடினால் தம்பம் நீள்கிறது, சுரம் இறங்குகிறது. கர்நாடக இசைக் குழலில் ஊதும் துளை போக 8 துளைகள். அதில் 7 துளைகளுக்குத்தான் விரல், கடைசித் துளை திறந்தே இருக்கும். துளையைப் பாதி மூடியும் கால் மூடியும்தான் இடைப்பட்ட சுரங்களையும் கமகத்தையும் கொண்டுவருகிறோம்.

இப்போது என் கதைக்கு வருவோம். மூச்சின் வேகம் அதிகமானால் சுருதி கொஞ்சம் ஏறும். இன்னும் அதிகமானால் தம்பம் இரண்டு மடங்கு அதிர்வெண்ணுக்குத் தாவிவிடும். அதாவது மேல் ஸ்தாயி. நான் பயத்தில் பலமாக ஊதினேன், குழல் விதிப்படி தாவியது. அது குழலின் குற்றமும் அல்ல, "உனக்கு ராசி இல்லை" என்பதும் அல்ல. காரணம் தெரிந்த கோளாறு. காரணம் தெரிந்தால் சரி செய்யலாம் என்றுதானே மூன்று வருஷமாக நமக்குச் சொல்லித் தருகிறார்கள்?

இன்னொன்றும் உண்டு. வெப்பம் கூடினால் ஒலியின் வேகம் கூடும். 1 டிகிரி செல்சியசுக்கு விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர். 20 டிகிரியில் 343 மீட்டர் என்றால் 30 டிகிரியில் 349 மீட்டர். இதனால் குழலின் சுருதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரைச்சுரம் அளவுக்கு ஏறிவிடும். எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியோ அசையாமல் நிற்கும். ஆக, காலையில் அறையில் சேர்ந்த சுருதி, மத்தியானம் மேடையில் சேராது. அதனால் மேடை ஏறுவதற்கு முன்னால் பத்து நிமிடம் குழலை ஊதிச் சூடேற்றி, அங்கேயே சுருதி சேர்த்துப் பார்க்க வேண்டும். பாடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். தொண்டையும் சூடேறாமல் ஒத்துழைக்காது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நாலு பேர் முன்னால் தனியாக நிற்கும்போது நம் உடம்பு அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, வாய் காய்கிறது, விரல் சில்லிட்டு நடுங்குகிறது, மூச்சு மேலோட்டமாகிறது. துரத்தும் நாயிடமிருந்து ஓட இதெல்லாம் நல்லது. குழல் வாசிக்க ஒன்றுகூட உதவாது!

இதில் ஒரு ஆறுதல் சொல்கிறேன். பெரிய வித்வான்களுக்கும் மேடை ஏறும்முன் படபடப்பு வருவதுண்டு. ஆகவே "பயமே வரக்கூடாது" என்று வேண்டிக்கொள்வது வீண். பயம் வந்தாலும் கை வேலை செய்கிற மாதிரி பழக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு எனக்கு உதவியவை இரண்டு. முதலாவது, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுவது. நாலு எண்ணி இழு, எட்டு எண்ணி விடு. ஐந்தாறு தடவை செய்தால் நெஞ்சு அடங்கும். இரண்டாவது, கொஞ்சம் கிறுக்குத்தனமாகத் தோன்றும். விடுதியின் மூன்று மாடியும் ஓடி ஏறி, மூச்சு இரைக்கும்போதே குழலை எடுத்துப் பாட்டை முதலிலிருந்து ஆரம்பிப்பேன். மேடையில் இதயம் எப்படி அடிக்குமோ அதே மாதிரி அடிக்கும் அல்லவா? அந்த நிலையில் நூறு தடவை வாசித்தவனுக்கு மேடைப் படபடப்பு பழைய சிநேகிதன் மாதிரி ஆகிவிடும். வார்டன் சார் இரண்டு தடவை "யாருடா துரத்துறா?" என்று கேட்டார்.

பெரியவர் சொன்னது

எங்கள் ஊர்க் கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கும் பெரியவரிடம் லீவில் போய் நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "ஒரே சட்ஜமம் ஊது" என்றார். ஊதினேன். ஏழு விநாடியில் ஆடியது. "தம்பி, நீ காத்தைத் தள்ளுறே. தள்ளாதே, விடு. சட்ஜமம் நிக்காதவனுக்குப் பாட்டு எதுக்கு?" என்றார். "எத்தனை நாள் ஐயா ஊதணும்?" என்றேன். "நிக்கிற வரைக்கும்" என்றார்.

அதிலிருந்து தினமும் அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன். காலை ஐந்தரைக்கு, பணிமனைக் கட்டடத்துக்குப் பின்னால். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து மணி நேரம் வாசிப்பதைவிட, தினம் அரை மணி வாசிப்பதே கையில் நிற்கும். நம் பாடத்துக்கும் இது பொருந்தும், ஆனால் நாம் யாரும் கேட்கமாட்டோம்! என் அரை மணிக் கணக்கு இது:

1. முதல் 5 நிமிடம் நீண்ட சுரங்கள். ஒவ்வொன்றும் ஆடாமல், சுருதியோடு. இன்று 20 விநாடி நிற்கிறது.

2. அடுத்த 10 நிமிடம் சரளி வரிசை, அலங்காரம், மூன்று காலத்திலும். தாளத்தைக் காலால் போட்டுக்கொண்டு. "சின்னப் பசங்க பாடம்" என்று விடாதீர்கள். வித்வான்களும் விடுவதில்லை.

3. அடுத்த 10 நிமிடம் பாட்டில் சறுக்கும் இடம் மட்டும். முதலிலிருந்து வாசித்து வாசித்துச் சறுக்கும் இடத்தில் நின்று, மறுபடி முதலுக்குப் போவது என் பழைய வழக்கம். அதனால் முதல் நான்கு வரி நன்றாகப் படிந்தது, சறுக்கல் அப்படியே இருந்தது. இப்போது அந்த இரண்டு ஆவர்த்தனத்தை மட்டும் பாதி வேகத்தில் தப்பில்லாமல் ஐந்து தடவை வாசித்துவிட்டு, பிறகுதான் வேகம் கூட்டுகிறேன். லேத்தில் எடுத்த எடுப்பிலேயே ஆழமான கட் கொடுப்போமா? அதே மாதிரிதான்.

4. கடைசி 5 நிமிடம், என்ன தப்பு வந்தாலும் நிறுத்தாமல் பாட்டை முழுக்க வாசிப்பது.

இந்த நான்காவதுதான் முக்கியம். தனியாகப் பழகும்போது தப்பு வந்தால் நின்று திருத்துகிறோம். அப்படியே ஒரு வருஷம் செய்தால் நிற்பதற்கே பழகிவிடுகிறோம். மேடையில் தப்பு வந்ததும் கை தானாக நின்றுவிடும். எனக்கு நடந்தது அதுதான். திருத்தும் நேரம் வேறு, வாசிக்கும் நேரம் வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தப்பு விழுந்தால்?

விழும்! அதற்கு முன்கூட்டியே வழி வைத்திருக்க வேண்டும். பஸ்ஸில் தூங்கிப்போய் ஸ்டாப்பைத் தவறவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறோம் அல்லவா? அதுபோல் பாட்டில் "இறங்கும் இடங்களை" குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பல்லவி எடுப்பு, அனுபல்லவி எடுப்பு, சரணம் எடுப்பு இவை மூன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். வழி தவறிவிட்டால் பதறாமல் ஷட்ஜத்திலோ பஞ்சமத்திலோ நின்றுகொண்டு, தாளத்தை மட்டும் விடாமல் மனதில் எண்ணி, அடுத்த இறங்கும் இடத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். கேட்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதை அழகுக்காக நின்றதாக நினைத்துக்கொள்வார்கள். தப்பைக் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் நம் முகம்தான்!

ஆளைக் கூட்டிக்கொண்டே போவது

சிதம்பரத்தில் 1929-ல் ராஜா அண்ணாமலை செட்டியார் தொடங்கிய இசைக் கல்லூரி, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வளர்ந்தது. சென்னையில் 1949-ல் தொடங்கிய மத்திய கர்நாடக சங்கீதக் கல்லூரிக்கு முசிரி சுப்பிரமணிய ஐயர் முதல்வராக இருந்தார். 2013-ல் இசைக்கும் கவின்கலைகளுக்கும் என்றே தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகம் வந்தது. இப்படிப்பட்ட ஓர் இடத்தில் வயலின் படிக்கும் என் ஊர் நண்பனிடம், "நீங்க எல்லாம் எப்படிடா பயப்படாம வாசிக்கிறீங்க?" என்று கேட்டேன். "பயப்படாமலா? யார்றா சொன்னது? எங்களுக்கு வகுப்பே ஒரு மேடைதான். வாத்தியார் நடுவுல உட்கார வச்சு, எல்லார் முன்னாடியும் வாசிக்கச் சொல்வார். தப்பு எங்கேன்னு கூடப் படிக்கிறவன் சொல்வான். அப்படியே பழகிடும்" என்றான்.

எனக்குப் பொறி தட்டியது. அவர்களிடம் இருப்பதில் நம்மிடம் இல்லாதது குரு, வகுப்பு எல்லாம்தான். ஆனால் "அடிக்கடி நாலு பேர் முன்னால் வாசிப்பது" என்ற ஒன்றை நாமே உண்டாக்கிக்கொள்ள முடியும். விடுதியில் ஆளுக்கா பஞ்சம்?

முதல் வாரம் அறைத் தோழன் ஒருவன் முன்னால். (அவன் தூங்கிவிட்டான், ஆனாலும் கணக்கில் சேர்த்தேன்.) பிறகு நான்கு பேர். பிறகு மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து பேர். பிறகு ஒரு ஞாயிறு இரவு மெஸ்ஸில், தட்டுச் சத்தத்துக்கு நடுவே. மெஸ் மாஸ்டர் சாம்பார் கரண்டியோடு வந்து நின்று கேட்டார். முடித்ததும், "நடுவுல கொஞ்சம் அவசரப்பட்ட தம்பி" என்றார். அவருக்கு சங்கீதம் தெரியாது. ஆனால் சொன்னது நூற்றுக்கு நூறு சரி! கேட்பவர் சொல்வதைக் குறித்து வையுங்கள். யாரும் இல்லாவிட்டால் செல்போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். உடனே கேட்டால் கோபம்தான் வரும். மறுநாள் கேட்டால் காது நேர்மையாக இருக்கும்.

மைக் என்னும் நண்பன்

நம்மில் பலர் மைக்கைக் கடிக்கிற மாதிரி பிடிக்கிறோம், அல்லது பாம்பைப் பார்த்த மாதிரி தள்ளி நிற்கிறோம். இரண்டும் வேண்டாம். தூரம் இரட்டிப்பானால் நேராக மைக்கை எட்டும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் குறைந்துவிடும். எனவே பாடும்போது தலையை ஆட்டி ஆட்டித் தூரத்தை மாற்றினால், பாதிப் பாட்டு கேட்கும், பாதி கேட்காது. பாடுகிறவர்களுக்கு அரை அடி தூரம் பொதுவாகப் போதும். குழல் வாசிப்பவர்கள் உதட்டுக்கு நேராக மைக்கை வைக்கவே கூடாது! மூச்சு நேராகப் பட்டு "புஸ்" என்று கேட்கும். எனக்குக் "காத்து" பட்டம் கிடைத்ததில் பாதிப் பங்கு இந்த மைக்குக்குத்தான். மூச்சு போகும் வழியிலிருந்து கொஞ்சம் மேலாகவோ பக்கவாட்டிலோ, முக்கால் அடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

"ஊய்ங்..." என்று ஊளையிட்டால், ஸ்பீக்கரின் ஒலி மறுபடி மைக்கில் நுழைந்து சுற்றுகிறது என்று பொருள். மைக்கை ஸ்பீக்கருக்குப் பின்னால் நகர்த்த வேண்டும், அல்லது வால்யூமைக் குறைக்க வேண்டும். மைக் செட் அண்ணனிடம் விழா தொடங்குவதற்கு முன்பே போய், "அண்ணே, ரெண்டு நிமிஷம் டெஸ்டிங் குடுங்கண்ணே" என்று கேளுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

எட்டு நிமிடத்தில் என்ன வாசிப்பது?

இன்று நாம் கேட்கும் கச்சேரி முறையை வகுத்தவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரை (1890–1967) சொல்வார்கள். முதலில் வர்ணம், பிறகு சின்னக் கீர்த்தனைகள், நடுவில் விஸ்தாரமான உருப்படி, கடைசியில் துக்கடா. மூன்று மணி நேரக் கச்சேரிக்கான அந்த வரிசையில் நம் எட்டு நிமிடத்துக்கும் பாடம் இருக்கிறது. கையில் உறுதியாக இருப்பதை முதலில் வாசி. கடினமானதை உடம்பு சூடேறிய பிறகு வாசி. கேட்பவர் முகம் மலரும்படி முடி. முதலாண்டில் நான் இருப்பதிலேயே கடினமான சினிமாப் பாட்டின் வேகமான முன்னிசையில் ஆரம்பித்தேன். மூளை இருக்கிறவன் செய்கிற காரியமா?

இந்த ஆண்டு நான் எடுத்துக்கொண்டது மோகனம். ச ரி க ப த என்று ஐந்தே சுரம், கேட்டவுடன் யாரையும் இழுக்கும் ராகம். ஒன்றரை நிமிடம் ஆலாபனை, நான்கு நிமிடம் பாட்டு, ஒன்றரை நிமிடம் கற்பனை ஸ்வரம், கடைசி ஒரு நிமிடம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கிராமிய மெட்டு. மணி அடிப்பதற்குள் முடிகிறதா என்று கடிகாரம் வைத்துப் பார்த்தேன். என்ன ராகம், யார் இயற்றியது என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்டு, "தொண்டை சரியில்லை, பழக நேரமில்லை" என்றெல்லாம் முன்னுரை போடாதீர்கள்!

பிறகு என்ன ஆச்சு?

மாவட்ட அளவில் பாலிடெக்னிக்குகளுக்கு இடையே நடந்த போட்டிக்குப் போனேன். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் நடுவர் ஒருவர் கூப்பிட்டு, "ஸ்வரம் கொஞ்சம் பழகணும். ஆனா தாளம் கடைசி வரை நின்னுச்சு, அதை விட்டுடாதே" என்றார். அந்த வார்த்தையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

சென்ற மாதம் நம் கல்லூரி விழா. அதே ஹால், அதே மேடை, அதே விளக்கு. அக்காவை வரச் சொல்லத் தயக்கமாக இருந்தது. ஆனால் எப்படியோ தெரிந்துகொண்டு, கைக்குழந்தையோடு வந்துவிட்டது. மேடை ஏறினேன். உதடு காய்ந்தது, வழக்கம்போல. நாலு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விட்டேன். ஷட்ஜம் நின்றது. அனுபல்லவியில் ஓர் இடம் சறுக்கியது. பஞ்சமத்தில் நின்று, எண்ணி, சேர்ந்துகொண்டேன். பின் வரிசையிலிருந்து "காத்து! காத்து!" என்று குரல் வந்தது. இந்தத் தடவை கைதட்டலோடு.

இறங்கி வந்ததும் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நடுவுல ஒரு இடத்துல நின்னியே, மறந்துட்டியாடா?"

கண்டுபிடித்துவிட்டது! பத்தில் ஒன்பது பேரை ஏமாற்றலாம் என்றேன் அல்லவா, அந்தப் பத்தாவது ஆள் நம் வீட்டில்தான் இருக்கும். "ஆமாக்கா" என்றேன். "பரவால்ல, முடிச்சிட்ட இல்ல" என்று சொல்லிவிட்டு, அன்று மெஸ்ஸில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனது.

தோழர்களே! நாம் சங்கீத வித்வான்கள் ஆகப்போவதில்லை. நாளைக்கு ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கப் போகிறோம். ஆனால் இன்டர்வியூ அறையில் நான்கு பேர் முன்னால் தனியாக உட்காரும் நாள் எல்லாருக்கும் வரும். அன்றைக்கும் இதே அட்ரினலின்தான், இதே மூச்சுத்தான். ஆசை உள்ளவர்கள் பக்கத்து ஊர் அரசு இசைப்பள்ளியில் விசாரியுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் காலை ஐந்தரைக்குப் பணிமனைக்குப் பின்னால் வாருங்கள். அடுத்த மாதம் நான் படிப்பு முடித்துப் போய்விடுவேன். அந்த இடம் காலியாக இருக்கும். ஜூனியர் யாராவது வந்து நின்றால் சந்தோஷப்படுவேன்.

அடுத்த ஆண்டு விழாவில் "தனி வாத்தியம்" என்று தாள் ஒட்டும்போது முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்!



— "காத்து", மூன்றாமாண்டு, இயந்திரவியல்